மேலே கரி, கீழே ஈ

(வெள்ளவத்தையில் நடந்த மாலைக் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் அச்சு வடிவம்)



காட்டு மரங்களுக்குப் பூச்சி செய்யும் நாசத்தைச் செய்மதிப் படத்தில் எப்படிக் கண்டுபிடிப்பது என்று பேசுவேன் என அழைப்பிதழில் அச்சிட்டிருக்கிறார்கள். தலைப்பைக் கொடுத்தவன் நான்தான். கொடுத்த நாளிலிருந்து மனதில் ஓர் உறுத்தல். 786 கிலோமீற்றர் உயரத்தில் போகிற கமராவுக்கு எந்தப் பூச்சியும் தெரியாது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏமாந்தவர்கள் தேநீர் வரும்வரையாவது பொறுத்திருங்கள்.

நான் கொட்டாஞ்சேனையில் பிறந்தவன். ஜம்பட்டா வீதிப் பக்கம் வளர்ந்த பிள்ளைகளுக்கு மரம் என்றால் அண்ணாந்து பார்க்கிற பொருள். வெள்ளவத்தைக்கு வந்து ஒரு தொடர்மாடியின் ஐந்தாம் மாடியில் குடியேறிய பிறகுதான் தென்னையின் தலையை மேலிருந்து பார்க்கக் கிடைத்தது. பக்கத்து வளவுத் தென்னை அது. வட்டு எங்கள் கட்டடத்தின் மூன்றாம் மாடி உயரத்தில் நிற்கிறது. கீழ் ஓலைகள் இரண்டாம் மாடிக்காரருடைய பல்கனிக் கம்பியில் உரசும்.

ஒரு வருடம் அந்த ஓலைகளின் மேற்புறம் கறுக்கத் தொடங்கியது. விளக்குக் கரியைத் தொட்டுப் பூசினது போல. காலி வீதி பஸ் புகை என்று நினைத்தேன். படம் படிப்பது என் தொழில் என்பதால் இரண்டு மாதம் விடாமல் மேலிருந்து படமும் எடுத்தேன். கறுப்பு கூடிக்கொண்டே போனது. ஏன் என்று மட்டும் தெரியவில்லை.

ஒருநாள் லிப்டில் இரண்டாம் மாடி மாமியைக் கண்டேன். "ஏன் தம்பி, மேல ஆரும் சீனித்தண்ணி ஊத்துறியளோ? கொடியில போட்ட சீலையெல்லாம் பிசுபிசுக்குது" என்று கேட்டா. அவவின் பல்கனிக்குப் போய், கம்பியில் உரசிக்கொண்டிருந்த ஓலையைத் திருப்பிப் பார்த்தோம். அடிப்புறம் முழுக்க வெள்ளை வெள்ளையாய்ப் பஞ்சு. அதற்குள் வெண் ஈ.

நடந்தது இவ்வளவுதான். அந்த ஈ ஓலையின் அடியில் இருந்து சாற்றை உறிஞ்சுகிறது. தனக்குத் தேவைக்கு மேலான சர்க்கரையைத் துளித்துளியாய் வெளியே விடுகிறது. அது கீழ் ஓலையின் மேற்புறத்தில் விழுகிறது, மாமியின் சீலையிலும் விழுகிறது. அந்தச் சர்க்கரையில் ஒரு கறுப்புப் பங்கசு வளர்கிறது. நான் மேலிருந்து பார்த்தது அந்தப் பங்கசை. அது இலையைத் தின்பதில்லை. போர்வைபோல மூடி வெயிலை மறைக்கிறது. தின்கிறவன் அடியில் இருந்தான். இரண்டு மாதமாய்ப் படம் எடுத்தவன் கரியைக் கண்டேன். துணி காயப்போட்டவ ஈயைக் கண்டுபிடித்தா.

இன்றைக்கு நான் சொல்ல வந்தது இதுதான். இனிச் சொல்லப்போவது கேரளம், கனடா, ஹோர்ட்டன் சமவெளி என்று எங்கெங்கோ போகும். ஆனால் அந்தப் பல்கனியை விட்டு அதிக தூரம் போகாது.

செய்மதி எதைப் பார்க்கிறது? இலை சிவப்பையும் நீலத்தையும் உணவு செய்ய உறிஞ்சிக்கொண்டு பச்சையில் கொஞ்சத்தைத் திருப்பி அனுப்புகிறது. அதனால்தான் நமக்கு அது பச்சை. சிவப்புக்கு அடுத்தாற்போல் நம் கண்ணுக்கு எட்டாத ஒளி ஒன்று இருக்கிறது. எங்கள் பாடப்புத்தகங்களில் செந்நிறக்கீழ் என்போம், தமிழ்நாட்டார் அகச்சிவப்பு என்பார்கள். இலைக்கு அந்த ஒளியால் பயன் இல்லை. இலைக்குள்ளே கலங்களுக்கிடையே காற்றறைகள் இருக்கின்றனவே, அவற்றில் பட்டுத் தெறித்து, வந்ததில் ஏறக்குறைய பாதி வெளியே போய்விடுகிறது. நமக்கு மட்டும் அந்த ஒளியைப் பார்க்கிற கண் இருந்தால் சிங்கராஜ வனம் பச்சையாய்த் தெரியாது, கண்கூச ஒளிரும்.

இலை நோயுற்றால் பச்சையம் குறைகிறது. உறிஞ்சப்பட வேண்டிய சிவப்பு திரும்பி வருகிறது. கலங்கள் சிதைந்தாலோ இலை உதிர்ந்தாலோ செந்நிறக்கீழ் ஒளி மங்குகிறது. இரண்டின் வித்தியாசத்தை இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தால் ஓர் எண் வரும். அமெரிக்கா 1972 ஜூலையில் ஏவிய முதலாவது லாண்ட்சற் செய்மதியின் படங்களை வைத்து டெக்சஸில் மேய்ச்சல் நிலங்களை ஆராய்ந்தவர்கள் புழக்கத்துக்குக் கொண்டுவந்த கணக்கு இது. ஐம்பது வருடத்துக்குப் பிறகும் பயிர், காடு, வரட்சி எல்லாவற்றுக்கும் இதைத்தான் போடுகிறோம். ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கும் விளங்குகிற கணக்கு. அதனால்தான் நிலைத்தது என்று நினைக்கிறேன்.

ஆனால் அந்த எண்ணை என் தென்னைக்குப் போட்டுப் பாருங்கள். கரி செந்நிறக்கீழ் ஒளியையும் விழுங்கிவிடும். எண் இறங்கும். மரம் சாகிறது என்று கணினி சொல்லும். கரியைத் துடைத்தால் அடியில் ஓலை பச்சையாய் உயிரோடு இருக்கும்.

இந்தக் கலை நம் பக்கத்தில் எங்கே தொடங்கியது தெரியுமா? காட்டில் அல்ல, தென்னந்தோப்பில். கேரளத்தில் மீனச்சில் பக்கம் ஈராற்றுப்பேட்டையில் 1882இல் பெருவெள்ளம் வடிந்த பிறகு தென்னைகள் வாடத் தொடங்கின. ஓலை துவண்டு, மனிதனுடைய விலா எலும்புபோல உள்நோக்கி வளைந்து, மட்டை மஞ்சளாகி, வேர் அழுகி, காய் குறைந்து போகும். மரம் சட்டென்று சாகாது. வருடக்கணக்கில் சோறு போடாத பிள்ளைபோல நிற்கும். வேர் வாடல் நோய் என்று பெயர் வைத்தார்கள். பெயர் வைத்தார்களே தவிர, யார் காரணம் என்று எவருக்கும் தெரியவில்லை. பங்கசு என்றார்கள், மண் என்றார்கள், வைரசு என்றார்கள்.

1970 வாக்கில், இந்திய விண்வெளித் திட்டத்தை விக்ரம் சாராபாய் நடத்திய காலத்தில், பிஷாரோட்டி என்ற விஞ்ஞானி இந்த நோயைத் தேடி வானத்துக்குப் போனார். பாலக்காட்டுப் பக்கம் கொல்லங்கோட்டில் 1909இல் பிறந்தவர், சி. வி. ராமனிடம் வேலை பழகியவர். மழை, காற்று, முகில் பற்றிய ஆராய்ச்சியில் பேர் எடுத்தவர். ஹெலிகொப்டரில் ஏறிக் கேரளத்துத் தோப்புகளுக்கு மேலே பறந்து செந்நிறக்கீழ் ஒளியைப் பதிகிற நிறப் படச்சுருளில் படம் பிடித்தார்கள். அந்தச் சுருளுக்கும் ஒரு கதை உண்டு. இரண்டாம் உலகப் போரில் பச்சைத் துணியாலும் வெட்டிய கிளையாலும் மூடி மறைத்த பீரங்கியைக் கண்டுபிடிக்கச் செய்தது அது. உயிருள்ள இலை அதில் சிவப்பாய் விழும்; வெட்டிய இலையும் பச்சைச் சாயமும் அப்படி விழாது. எதிரியின் பொய்ப் பச்சையைப் பிடிக்கச் செய்த சுருளில் நோய்த் தென்னையும் சிவப்புக் குறைந்து, வேறு நிறமாய் விழுந்தது. இந்தியாவின் தொலையுணர்வு வரலாற்றை எழுதுகிறவர்கள் இந்தத் தென்னை வேலையிலிருந்துதான் தொடங்குவார்கள். முதல் லாண்ட்சற் அப்போது ஏவப்படவில்லை.

படத்தைப் பிடித்தார்கள். ஆளைப் பிடித்தார்களா? இல்லை. 1980களில் இலத்திரன் நுணுக்குக்காட்டியில்தான் அகப்பட்டது: சுவர் இல்லாத, சாதாரண பற்றீரியாவிலும் மெலிந்த ஓர் உயிர். பைற்றோபிளாஸ்மா. மரத்தின் சாற்றுக் குழாயில் குடியிருக்கும். அதை ஒரு மரத்திலிருந்து இன்னொரு மரத்துக்குக் கொண்டுபோனவை கண்ணாடிச் சிறகுள்ள ஒரு சின்ன இலைப்பூச்சியும் ஒரு தத்துப்பூச்சியும் என்று ஆராய்ச்சிகளில் தெரியவந்தது. வானத்திலிருந்து சிவப்புக் குறைந்த தென்னையைக் கண்டது 1970 வாக்கில். ஆளைக் கண்டது அதற்குப் பத்து வருடத்துக்கு மேல் கழித்து, கண்ணாடி வில்லைக்குக் கீழே. நோயோ 1882இலிருந்து அங்கேயே இருந்தது.

அதே கதை 2006இல் எங்கள் வெலிகமவுக்கு வந்தது. மாத்தறைக் கரையோரத்தில் தென்னை ஓலை துவண்டது, மஞ்சளானது. லுணுவிலவில் இருக்கிற தெங்கு ஆராய்ச்சி நிறுவனத்தார் சோதித்ததில் இங்கேயும் பைற்றோபிளாஸ்மா. கேரளத்து உயிருக்கு நெருங்கிய உறவு. காலி, மாத்தறை, அம்பாந்தோட்டை மாவட்டங்களில் எல்லை வகுத்து, அங்கிருந்து தென்னை, கமுகு போன்ற கன்றுகளை வெளியே கொண்டுபோகத் தடை போட்டார்கள். நோய் மரங்களைத் தேடித் தேடி வெட்டினார்கள். தேடியவர்கள் வளவு வளவாக நடந்தவர்கள். அப்போது என்னிடம் ஒரு நண்பர் கேட்டார்: "நீங்கள் செய்மதிக்காரர் என்ன செய்கிறீர்கள்?"

அவருக்குச் சொன்ன பதிலை, இன்றைய செய்மதியையும் சேர்த்து, உங்களுக்கும் சொல்கிறேன். ஐரோப்பியர் 2015 ஜூனில் ஏவிய சென்ரினல் செய்மதி தருகிற படத்தில் ஒரு புள்ளி, அதாவது ஒரு பிக்சல், பத்து மீற்றருக்குப் பத்து மீற்றர். கொழும்பாருக்கு மீற்றர் கணக்கு விளங்காது, காணி விலை விளங்கும். ஏறக்குறைய நாலு பேர்ச். இலையின் ஈரத்தைக் காட்டுகிற அலைநீளங்களில் அதே செய்மதியின் புள்ளி பதினாறு பேர்ச். வெலிகம நேரத்திலே எங்களுக்குக் கையிலிருந்த லாண்ட்சற் படத்தில் முப்பத்தைந்து பேர்ச். தெற்கில் ஒரு வீட்டு வளவில் முப்பத்தைந்து பேர்ச்சுக்குள் என்ன இருக்கும்? ஆறு தென்னை, இரண்டு பலா, ஈரப்பலா, கமுகு, வாழை, கிணறு, ஓட்டுக்கூரை, கொடியில் துணி. இவ்வளவையும் அரைத்துக் கூழாக்கி ஓர் எண்ணாகத் தருகிறது செய்மதி. அந்தக் கூழில் ஒரு தென்னை வாடியதை ருசி பார்த்துச் சொல் என்றால்?

கனடாவில் சொல்லலாம். பிரிட்டிஷ் கொலம்பியாவில் காடு முழுக்க ஒரே ஜாதிப் பைன், ஒரே வயது, மலை மலையாக. அங்கே 1990களிலிருந்து பைன் வண்டு பரவி 1 கோடியே 80 இலட்சம் ஹெக்டேயர் அளவு காட்டைத் தொட்டுவிட்டது. எங்கள் முழுத் தீவும் 65 இலட்சம் ஹெக்டேயர்தான். லாண்ட்சற் படத்தில் சிவந்த மலைகள் குழந்தைக்கும் தெரியும். ஆனால் அதிலும் ஒரு சூது. வண்டு பட்டையைத் துளைத்து உள்ளே போன வருடம் மரம் பச்சையாகவே நிற்கும். அடுத்த வருடம்தான் ஊசியிலை சிவக்கும். அதற்கடுத்து உதிர்ந்து சாம்பல் நிறமாகும். படத்தில் சிவப்பு விழுந்தபோது வண்டின் பிள்ளைகள் பறந்து அடுத்த மலைக்குப் போயாயிற்று. ஆகவே அங்கே சிவப்பைப் பார்த்துவிட்டு, அதைச் சுற்றி நிற்கிற பச்சை மரங்களின் பட்டையில் பிசின் வழிகிறதா என்று பார்க்க ஆளை அனுப்புகிறார்கள். பனியில் நடந்து போகிறான் அவன்.

எங்கள் பக்கத்துச் சூது வேறு. நிலம்பூர் தேக்கந்தோட்டங்களைச் சொல்ல வேண்டும். 1846இல் கொனொலி என்ற கலெக்டர் காலத்தில் நட்ட தேக்கு இன்னும் அங்கே நிற்கிறது. அந்தத் தோட்டங்களில் பருவமழைக்கு முந்திய முதல் மழை விழுந்து தேக்கு தளிர்க்கிற நேரம் பார்த்து ஓர் அந்துப்பூச்சி கூட்டம் கூட்டமாய் வந்து முட்டையிடும். புழுக்கள் இரண்டு வாரத்துக்குள் மலையை மொட்டையடித்துவிடும். பிறகு மண்ணில் இறங்கிக் கூடு கட்டிவிடும். மரம் சாகாது, திரும்பத் தளிர்க்கும். பார்க்கிறவருக்கு நட்டமில்லை போலிருக்கும். ஆனால் கேரள வன ஆராய்ச்சி நிறுவனத்தில் நாயரும் கூட்டாளிகளும் 1985இல் வெளியிட்ட கணக்குப்படி, புழு தின்னாமல் விட்டிருந்தால் அந்த மரங்கள் போட்டிருக்கக்கூடிய பருமனில் 44 வீதம் போய்விடுகிறது.

இப்போது செய்மதியை வைத்துப் பாருங்கள். சோடியாய்ச் சுற்றுகிற சென்ரினல் ஓரிடத்துக்கு ஐந்து நாளைக்கு ஒருதரம், முற்பகல் பத்தரை மணியளவில் வருகிறது. புழுவுக்கு இரண்டு வாரம். மூன்று படம் கிடைக்க வேண்டும். ஆனால் அது மழைக்காலத்தின் தலைவாசல். மூன்று படத்திலும் முகில். முகில் விலகி நாலாவது படம் வரும்போது தேக்கு மறுபடி தளிர்த்திருக்கும். களவு போனதும் தெரியாது, கள்ளனும் தெரியாது. முகிலைத் துளைத்துப் பார்க்கிற ராடார் செய்மதியும் உண்டு. அது மரத்தின் வடிவத்தையும் ஈரத்தையும் சொல்லும், நிறத்தை அறியாது.

இதற்கு நேர் எதிரான பிழையும் வரும். கோடையில் வவுனியாப் பக்கம் போகிறவர்கள் தேக்கங்காடு எலும்பாய் நிற்பதைக் கண்டிருப்பீர்கள். அது நோயில்லை, தேக்கின் வழக்கம். களுத்துறையிலே றப்பரும் வருடத் தொடக்கத்தில் இலை உதிர்க்கும். தீவை அறியாத ஒருவன் வேறு நாட்டில் இருந்துகொண்டு இரண்டு படத்தை ஒப்பிட்டால் "இலங்கையில் பாரிய வன அழிவு" என்று எழுதிவிடலாம். நான் இளமையில் அப்படி ஒன்றை எழுதிக் கொடுத்து, தோட்டத்துக் கணக்கப்பிள்ளை ஒருவர் சிரித்த சிரிப்பை இன்னும் மறக்கவில்லை.

மத்தியப் பிரதேசத்துச் சால் காடுகளைப் பற்றி இரண்டு வார்த்தை. 1990களின் பின்பாதியில் மண்ட்லா, டிண்டோரி, அமர்கண்டக் பக்கம் சால் மரத்தின் வைரத்தைத் துளைக்கிற நீள்கொம்பு வண்டு பெருகி இலட்சக்கணக்கில் மரம் விழுந்தது. இந்தியச் செய்மதிப் படங்களை வைத்துச் செத்த திட்டுகளை வரைந்தார்கள். ஆனால் வண்டைப் பிடித்தது வேறு விதமாக. பச்சைச் சால் கட்டையை வெட்டி நசுக்கிப் போட்டால் அதன் சாற்று வாசத்துக்குத் தூரத்து வண்டெல்லாம் வந்து குடித்து மயங்கிக் கிடக்கும். கோண்டு, பைகா மக்கள் பொறுக்கிக் கொடுத்தார்கள். வனத்துறையார் எண்ணிக் காசு கொடுத்தார்கள். கள்ளுக்கடை வைத்துக் கள்ளனைப் பிடிக்கிற வேலை.

இனி எங்கள் வீட்டுக்கு வருகிறேன். ஹோர்ட்டன் சமவெளிக்குப் போனவர்கள் கையைத் தூக்குங்கள். எல்லாரும் போயிருக்கிறீர்கள். உலக முடிவைப் பார்த்துப் படம் எடுத்துவிட்டு முகில் வருமுன் திரும்பிவிடுகிறோம். போகிற வழியில் தொட்டுபொல மலைச் சரிவைப் பார்த்தீர்களா? 2,357 மீற்றர் உயரமான அந்த மலையின் காட்டில் மரங்கள் நின்றபடியே செத்துக் கிடக்கின்றன, வெள்ளை வெள்ளையாய். 1970களிலேயே வனத்துறையார் கண்டு எழுதிவிட்டார்கள். பிற்பாடு வந்த ஆய்வுகள் தேசியப் பூங்காவுக்குள் உள்ள காட்டில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு தொடப்பட்டுவிட்டது என்றன. கீன என்று சிங்களத்தில் சொல்கிற மரம் முன்வரிசையில் சாகிறது. கூடவே காட்டு நாவல் இனங்கள், காட்டுக் கறுவா.

செய்மதி இங்கே நன்றாகப் படம் பிடிக்கும். புல்வெளிக்கும் காட்டுக்கும் எல்லை துலக்கம். லாண்ட்சற் படங்கள் ஒரு காலத்தில் ஒன்று 600 டொலருக்கு விற்றன. 2008இல் அமெரிக்கர் களஞ்சியத்தைத் திறந்து இலவசமாக்கினார்கள். அதன் பிறகு ஒரு மாணவன் தன் அறையில் இருந்தபடியே அந்த மலையின் பழைய படங்களை வரிசையாய் அடுக்கிப் பார்க்கலாம். பலர் பார்த்திருக்கிறார்கள். திட்டு எங்கே தொடங்கியது, எந்தப் பக்கம் பரந்தது என்றெல்லாம் வரைபடம் இருக்கிறது.

காரணம்? வரட்சி என்றார்கள். தாழ்நில நகரங்களிலிருந்து காற்றில் ஏறிய ஈயமும் அமிலமும் என்றார்கள். மண் புளித்து அலுமினியம் வேரைக் கடிக்கிறது என்றார்கள். வேர்ப் பங்கசு என்றார்கள். சிறுத்தை குறைந்து மரை பெருகிப் பட்டையை உரிக்கிறது என்றார்கள். பூச்சியையும் தேடினார்கள், இறந்த மரத்தில் பூச்சி இல்லாமல் இராது, ஆனால் கொன்றது அதுவா, சாவீட்டுக்கு வந்ததா? ஒன்றையும் தீர்த்துச் சொல்ல முடியவில்லை. என் தனிப்பட்ட எண்ணம், ஒரு காரணம் இல்லை. பல காரணம் கைகோத்து நிற்கிறது. ஐம்பது வருடப் படம் கையில் இருந்தும் பதில் இல்லை என்றால் படத்தின் மேல் பிழை சொல்லாதீர்கள். அந்தச் சரிவில் மரத்துக்கு மரம், மாதத்துக்கு மாதம் ஏறி இறங்கி வேரைத் தோண்டிப் பார்க்கிற ஆள் ஐம்பது வருடம் நிற்கவில்லை. அதற்குத்தான் காசு ஒதுக்கமாட்டார்கள். செய்மதிப் படத்தைச் சுவரில் மாட்டலாம். சேற்றில் நிற்கிற ஆளை மாட்ட முடியுமா?

படம் ஒரு துப்பு மட்டும் தரும், அதை நான் மதிக்கிறேன்: சாவின் உருவம். பூச்சியோ தொற்றோ என்றால் ஒரு புள்ளியில் தொடங்கி எண்ணெய்த் துளிபோல வட்டமாய் விரியும். தண்ணீர்க் குறை என்றால் முகட்டிலும் மண் மெலிந்த பாறைமேலும் ஒரே நேரத்தில் தோன்றும். காற்றில் வந்த நஞ்சு என்றால் காற்றடிக்கிற முகப்பில் நிற்கும். மனிதன் என்றால் கோடு நேராய் இருக்கும்.

கடைசியாக, செய்மதிக்குத் தெரியவே தெரியாத பூச்சி ஒன்று. மலைநாட்டில் இருந்து வந்திருக்கிறவர்களுக்குத் தெரியும். 1868இல் ஐக்கொஃப் என்ற ஜேர்மானியர் இலங்கையிலிருந்து போன வண்டு ஒன்றுக்குப் பெயர் வைத்தார். எள்ளளவு, இரண்டு மில்லிமீற்றர். பெண் வண்டு தேயிலைக் கொப்பில் துப்பாக்கி ரவை பட்டதுபோல் துளையிட்டு உள்ளே சுரங்கம் வெட்டும். அதுவும் மரத்தைத் தின்பதில்லை. வாயருகே ஒரு பையில் பங்கசு விதையைக் கொண்டுவந்து சுரங்கச் சுவரில் பயிர் வைக்கும். பிள்ளைகள் அந்தப் பயிரைத் தின்று வளரும். தலவாக்கலையில் இருக்கிற தேயிலை ஆராய்ச்சி நிலையத்தின் கட், லூஸ் என்ற இருவர் 1947இல் அந்தப் பங்கசை விவரித்துப் பெயரிட்டார்கள். உலகத்தில் விவசாயம் செய்கிற உயிர்களின் பட்டியலில் மனிதனுக்கு முன்னாலே இருக்கிறது எங்கள் வண்டு.

அந்த மலைக்கு மேலே செய்மதி போனால் என்ன தெரியும்? பச்சைக் கம்பளம். கொழுந்து பறிக்கிற பெண் கையை நீட்டிக் கொப்பை வளைக்கிறபோது அது படக்கென்று முறிந்து கையோடு வரும். முறிந்த இடத்தில் சுரங்கம். கவ்வாத்து வெட்டுகிறவனின் கத்திக்கும் அது தெரியும். எந்த நம்பர் மலையில் எத்தனை கொப்பு முறிகிறது என்பது மாலையில் கொழுந்து நிறுக்கிற இடத்தில் பேச்சாய் அடிபடும். அறிக்கையில் வராது.

2012இல் கலிபோர்னியாவில், லொஸ் ஏஞ்சலீஸ் பக்கம் ஒரு வீட்டு வளவு அவக்காடோ மரம் வாடியதைத் தொடர்ந்து பார்த்தபோது வண்டு அகப்பட்டது. இலங்கைத் தேயிலை வண்டு என்றே முதலில் எண்ணினார்கள். இஸ்ரேலில் அதற்கு முன்பே கண்டிருந்தார்கள்; பிறகு தென்னாபிரிக்கா, 2021இல் அவுஸ்திரேலியாவின் பேர்த் என்று நகரத்து நிழல் மரங்களெல்லாம் அதற்கு இரையாயின. மரபணுவைப் பார்த்தபோதுதான் ஒன்றுபோல் இருக்கிற பல இனங்கள் கலந்து நிற்பது தெரிந்தது. 2019இல் வகைப்பாட்டாளர்கள் ஐக்கொஃபின் பழைய மாதிரியை எடுத்து அளந்து பார்த்து, அந்தப் பழைய பெயர் உண்மையில் கலிபோர்னியா வண்டுக்கே உரியது என்று தீர்த்தார்கள். எங்கள் தேயிலை வண்டுக்கு வேறு பெயர். நூறு வருடத்துக்கு மேலாய்ப் பிழையான பெயரில் அழைத்திருக்கிறோம். பூச்சியைக் கையில் வைத்திருந்தவர்களுக்கே இந்த மயக்கம் என்றால் 786 கிலோமீற்றருக்கு அப்பால் இருக்கிறவனை என்ன சொல்வது?

இதே வண்டை ஒட்டி ஒரு பழைய காரியம். தேயிலையில் இலையைச் சுருட்டித் தின்கிற புழு ஒன்று பெரிய தொல்லையாக இருந்தது. அதை அடக்க 1935-36இல் யாவாவிலிருந்து ஒரு சின்னக் குளவியைக் கொண்டுவந்து விட்டார்கள். குளவி புழுவுக்குள் முட்டையிடும். தொல்லை அடங்கிப்போனது, உலகப் பாடப்புத்தகங்களில் ஏறிய வெற்றி அது. 1950களில் துளை வண்டுக்கென்று டீல்ட்ரின் என்ற பூச்சிமருந்தை அடித்தார்கள். அடியில் வேலை செய்துகொண்டிருந்த குளவியை யாரும் நினைக்கவில்லை. அது செத்தது. இருபது வருடமாய் மறந்துபோன இலைச்சுருட்டிப் புழு கிளம்பி மலைகளைத் தின்றது. படத்தில் சிவந்த திட்டைக் கண்டவுடன் மருந்துக்கு உத்தரவு போடுகிற அதிகாரி யாராவது இந்தச் சபையில் இருந்தால், அந்தக் குளவியின் கதையை ஒருதரம் படித்துவிட்டுக் கையெழுத்திடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

தேநீர் வந்துவிட்டது என்று தலைவர் சைகை காட்டுகிறார். தென்னைக் கதையை முடித்துவிடுகிறேன்.

இந்த உரைக்காகப் போன மாதம் எங்கள் வீட்டு நாலு பேர்ச்சின் சென்ரினல் எண்களை ஒரு வருடத்துக்கு எடுத்துக் கோடு வரைந்தேன். அந்தப் புள்ளிக்குள் தென்னையின் அரைவாசித் தலை, ஒரு தண்ணீர்த்தாங்கி, ஒரு தகரக்கூரை, பக்கத்து வெறுங்காணியின் ஒரு மூலை. கோடு இறங்கி, இறங்கி, ஒக்ரோபர் மழைக்குப் பிறகு நன்றாய் ஏறியிருந்தது. மேலிருந்து எட்டிப் பார்த்தேன். ஓலையில் கரியும் இல்லை, பச்சை. சந்தோஷத்தோடு இரண்டாம் மாடிக்குப் போய், "மாமி, மரம் தேறிட்டுது, செய்மதியும் சொல்லுது" என்று போனை நீட்டினேன்.

மாமி போனைப் பார்க்கவில்லை. "மழை கழுவியிருக்கும் தம்பி. அங்கால காணியில புல்லும் முளைச்சிட்டுது" என்றபடி பல்கனிக் கம்பியில் உரசிக்கொண்டிருந்த ஓலையைப் பிடித்துத் திருப்பிக் காட்டினா. அடியில் வெள்ளை அப்படியே இருந்தது.